வாடகைச் சர்வரில் இயங்கும் செயலிக்கும் வீட்டுக் கருவிகளுக்கும் இடையே இணைப்பு அறுபடும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாடகைக்கு எடுத்த கிளவுட் சர்வரில் வலைச்செயலி ஒன்றை நிறுவி, அதன் வழியாக வீட்டு விளக்கு, மின்விசிறி, மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் ஆகியவற்றை இயக்க விரும்புவோருக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. எடுத்துக்காட்டுகளுக்கு நான் அன்றாடம் பயன்படுத்தும் அமைப்பையே எடுத்துக்கொள்கிறேன். வீட்டில் இ.எஸ்.பி.8266 என்ற வைஃபை சிப் கொண்ட சுவிட்சுகள் உள்ளன. அவற்றில் டாஸ்மோட்டா மென்பொருள் இயங்குகிறது. சர்வரில் மொஸ்கிட்டோ என்னும் எம்.கியூ.டி.டி. புரோக்கரும் (கருவிகளுக்கும் செயலிக்கும் இடையே செய்திகளை வாங்கிக் கொடுக்கும் நிரல்; எம்.கியூ.டி.டி. என்பது அவை பேசும் முறை), வலைச்செயலியும், அதற்கு முன்னால் உலாவியின் கோரிக்கைகளை வாங்கிச் செயலிக்கு அனுப்பும் என்ஜின்எக்ஸும் உள்ளன. உங்கள் கருவிகள் வேறாக இருந்தாலும், இணைப்பு அறுபடும் இடங்கள் பெரும்பாலும் இவையேதான்.

கேள்வி: செயலியில் பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியவில்லை. எங்கிருந்து பார்க்கத் தொடங்க வேண்டும்?

நடுவிலிருந்து தொடங்க வேண்டும். உலாவியில் அழுத்திய கட்டளை என்ஜின்எக்ஸ், செயலி, புரோக்கர், இணையச் சேவையாளரின் வலை, வீட்டு ரவுட்டர், வைஃபை என்று ஆறு இடங்களைக் கடந்துதான் சுவிட்சை அடைகிறது. ஒரு முனையிலிருந்து ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டு போனால் ஒரு மாலைப்பொழுது போய்விடும். புரோக்கரில் நின்று பார்த்தால் ஒரே சோதனையில் பாதி வழி சந்தேகத்திலிருந்து நீங்கிவிடும். எஸ்.எஸ்.எச். என்னும் தொலைநுழைவு வழியாகச் சர்வருக்குள் நுழைந்து, மொஸ்கிட்டோவுடன் கிடைக்கும் மொஸ்கிட்டோ_சப் என்ற கருவியைக் கொண்டு எல்லா டாபிக்குகளையும் (செய்திகள் பிரித்து அனுப்பப்படும் தலைப்புகளையும்) கேட்கத் தொடங்குங்கள். பிறகு பொத்தானை அழுத்துங்கள். கட்டளை திரையில் தோன்றவே இல்லையென்றால் பழுது செயலியின் பக்கம் இருக்கிறது. தோன்றியும் சுவிட்சிடமிருந்து பதில் வரவில்லையென்றால் பழுது வீட்டின் பக்கம் இருக்கிறது.

வீட்டின் பக்கம் என்று தெரிந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது, 'எல்.டபிள்யூ.டி.' என்று முடியும் டாபிக். ஒவ்வொரு டாஸ்மோட்டா கருவியும் இணைந்தவுடன் அதில் 'ஆன்லைன்' என்று எழுதும். இணைப்பு திடீரென்று அறுந்தால், அப்போது கருவியால் பேச முடியாது என்பதால், அது முன்கூட்டியே ஒப்படைத்து வைத்திருந்த 'ஆஃப்லைன்' என்ற செய்தியைப் புரோக்கரே அதன் சார்பில் வெளியிடும். எம்.கியூ.டி.டி.யை வடிவமைத்தவர்கள் இதற்கு உயில் என்று பெயர் வைத்தது மிகவும் பொருத்தம். அந்த உயில் வெளியான நேரத்தைக் குறித்துக்கொண்டால், அதே நேரத்தில் வீட்டில் மின்சாரம் போனதா, ரவுட்டர் மீண்டும் தொடங்கியதா என்று ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

ஒரு வேண்டுகோள்: எங்கே அறுந்தது என்று தெரியும்வரை ரவுட்டரை அணைத்துப் போடாதீர்கள். அணைத்துப் போட்டால் இணைப்பு ஒருவேளை திரும்ப வரலாம். ஆனால் ரவுட்டரின் பதிவேடும் அதிலிருந்த தடயமும் அழிந்துவிடும், அடுத்த வாரம் அதே பழுது அதே இடத்தில் காத்திருக்கும்.

கேள்வி: வீட்டுக் கணினியில் 192.168.1.20 என்று தட்டினால் சுவிட்சின் பக்கம் திறக்கிறது. அதே முகவரியைச் சர்வரில் இயங்கும் செயலியில் கொடுத்தால் ஏன் திறக்கவில்லை?

அந்த முகவரி உங்கள் வீட்டுக்குள் மட்டுமே பொருள் உள்ளது. 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரையிலானவை, 192.168 என்று தொடங்குபவை ஆகிய மூன்று தொகுதிகளும் தனி வலைகளுக்காக 1996-இல் ஒதுக்கப்பட்டவை. பொது இணையத்தில் எந்த ரவுட்டரும் அவற்றுக்கு வழி சொல்லாது. ஒவ்வொரு தெருவிலும் 'மாடிவீடு' என்று ஒன்று இருப்பதைப் போல, 192.168.1.20 என்ற கருவி இலட்சக்கணக்கான வீடுகளில் இருக்கிறது. சர்வர் அந்த முகவரியைத் தேடும்போது தன்னுடைய உள்வலையில்தான் தேடுகிறது. அங்கே உங்கள் சுவிட்ச் இல்லை.

இந்தப் பக்கத்திற்கு வரும் பழுதுகளில் பெரும்பகுதி இந்த ஒரு குழப்பத்திலிருந்தே பிறக்கிறது. வீட்டிலிருந்து சர்வரை அடைவது எளிது, ஏனெனில் சர்வருக்குப் பொது முகவரி இருக்கிறது. சர்வரிலிருந்து வீட்டை அடைவது அப்படியன்று. இணைப்பை யார் தொடங்குகிறார்கள் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டால் மற்றவை தாமாக ஒழுங்குக்கு வரும்.

கேள்வி: ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து ஒரு போர்ட்டுக்கு, அதாவது எண்ணிட்ட வாயிலுக்கு, வருவதை உள்ளே ஒரு கருவிக்கு அனுப்பும் ஏற்பாடு) செய்துவிட்டேன். இருந்தும் வெளியிலிருந்து வீட்டை அடைய முடியவில்லையே?

ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் அதன் வெளிமுக ஐ.பி. முகவரியைப் பாருங்கள். பிறகு, உங்கள் பொது முகவரியைக் காட்டும் இணையதளம் எதையாவது அதே வீட்டு இணைப்பிலிருந்து திறந்து பாருங்கள். இரண்டும் வேறு வேறாக இருந்தால், உங்கள் ரவுட்டருக்கும் பொது இணையத்துக்கும் நடுவில் இன்னொரு முகவரி மாற்றி (நாட்), அதாவது பல உள்முகவரிகளை ஒரே பொது முகவரியாக்கும் கருவி, இருக்கிறது. பெரும்பாலும் அது சேவையாளருடையதாக இருக்கும். பலருடைய வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கும் இந்த ஏற்பாட்டைக் கேரியர் கிரேடு நாட் என்று சொல்வார்கள். ஐ.பி.வி.4-இன் மொத்த முகவரிகளே ஏறத்தாழ 430 கோடிதான் என்பதால் சேவையாளர்களுக்கு இது தேவைப்பட்டது, இதற்கென்றே 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையிலான தொகுதி 2012-இல் ஒதுக்கப்பட்டது. உங்கள் ரவுட்டரின் வெளிமுக முகவரி இந்தத் தொகுதியில் இருந்தால் ஐயத்துக்கே இடமில்லை. ஆனால் 10 என்று தொடங்கும் முகவரியைத் தரும் சேவையாளர்களும் உண்டு. ஆகவே எண்ணைப் பார்த்து முடிவு செய்வதைவிட இரு முகவரிகளையும் ஒப்பிடுவதே சரியான சோதனை.

இந்த நிலையில் உங்கள் ரவுட்டரில் எத்தனை போர்ட்டுகளைத் திறந்தாலும் பயனில்லை. பூட்டியிருப்பது உங்கள் வீட்டுக் கதவு அன்று, தெரு முனையிலுள்ள கதவு; அதன் சாவி சேவையாளரிடம் இருக்கிறது. தனிக்கட்டணம் செலுத்தி நிலையான பொது முகவரி வாங்கலாம். நான் அதைப் பரிந்துரைப்பதில்லை, காரணம் அடுத்த விடையில்.

கேள்வி: அப்படியானால் சர்வர் எப்படித்தான் வீட்டுக் கருவியை அடையும்?

சர்வர் அடைய வேண்டியதில்லை. கருவி சர்வரை அழைக்கட்டும். எம்.கியூ.டி.டி. இப்படித்தான் இயங்குகிறது: சுவிட்ச் உள்ளிருந்து வெளியே சென்று புரோக்கருடன் ஒரு டி.சி.பி. இணைப்பை ஏற்படுத்தி, அதை மூடாமல் வைத்துக்கொள்கிறது. கட்டளை அதே இணைப்பின் வழியே திரும்பி வருகிறது. வெளியே செல்லும் இணைப்பை எந்த வீட்டு ரவுட்டரும் இயல்பாகத் தடுப்பதில்லை, சேவையாளரின் முகவரி மாற்றியும் தடுப்பதில்லை. வீட்டில் ஒரு போர்ட்டைக்கூடத் திறக்க வேண்டாம் என்பதால் பாதுகாப்பும் கூடுகிறது.

வெளியே அழைக்கத் தெரியாத கருவிகள் உண்டு. உள்வலையில் மட்டுமே பேசும் கேமராக்களும் பழைய விளக்குப் பெட்டிகளும் அப்படிப்பட்டவை. அவற்றுக்கு வீட்டில் ஒரு சிறு கணினியை வைத்து, அதிலிருந்து சர்வருக்கு வயர்கார்டு சுரங்கம் (இரு கணினிகளுக்கு இடையே மறையாக்கிய தனிவழி) அமைக்கலாம். அதிலும் வீட்டுப் பக்கமே தொடங்கும்படி அமைத்து, 25 நொடிக்கு ஒருமுறை உயிர்ப்புச் செய்தி அனுப்பும்படி வைக்க வேண்டும். வயர்கார்டை அடிப்படையாகக் கொண்ட டெயில்ஸ்கேல் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அது தன் கருவிகளுக்குத் தரும் முகவரிகளும் மேலே சொன்ன அதே 100.64 தொகுதியைச் சேர்ந்தவை. அந்த எண்ணைக் கண்டவுடன் சேவையாளரின் முகவரி என்று எண்ணிவிடக் கூடாது.

கேள்வி: சில நேரம் 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்கிறது, சில நேரம் 'டைம்டு அவுட்' என்கிறது. இரண்டும் ஒன்றுதானா?

இல்லை. மறுக்கப்பட்டது என்ற பதில் நல்ல செய்தி: உங்கள் பாக்கெட் (தரவுத் துணுக்கு) அந்தக் கணினியை அடைந்துவிட்டது, அந்தப் போர்ட்டில் கேட்பதற்குத்தான் எந்த நிரலும் இல்லை. ஆகவே நிரல் ஓடுகிறதா, சரியான போர்ட்டில் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். நேரம் கடந்தது என்றால், பாக்கெட் வழியில் எங்கோ சத்தமின்றிக் கைவிடப்பட்டது. பெரும்பாலும் ஃபயர்வால்தான் காரணம். கிளவுட் சர்வர்களில் இரண்டு ஃபயர்வால்கள் இருக்கக்கூடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: ஒன்று சர்வரின் இயங்குதளத்துக்குள், மற்றொன்று சேவை நிறுவனத்தின் நிர்வாகப் பக்கத்தில். ஒன்றில் 8883-ஐ (மறையாக்கிய எம்.கியூ.டி.டி.க்கான போர்ட்டை) திறந்து மற்றொன்றில் திறக்காமல் விட்டால் முடிவில்லாக் காத்திருப்புதான் மிஞ்சும்.

டாஸ்மோட்டாவின் பதிவில் தெரியும் எண்களும் இதே வகையில் உதவும். -2 என்றால் வலை இணைப்பே ஏற்படவில்லை. 4 என்றால் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தவறு. 5 என்றால் அனுமதி இல்லை. 4-உம் 5-உம் வந்தால் வலையைத் தொடவே வேண்டாம். அது ஒழுங்காக இருக்கிறது.

கேள்வி: சர்வருக்குள்ளிருந்து சோதித்தால் புரோக்கர் பதிலளிக்கிறது. வீட்டிலிருந்து இணைய முடியவில்லை. ஏன்?

மொஸ்கிட்டோவின் 2.0 பதிப்பு 2020 டிசம்பரில் வந்தது. அதற்கு முந்தைய பதிப்புகள், எதுவும் அமைக்காவிட்டால் சர்வரின் எல்லா வலை முகங்களிலும், அதாவது வெளியிலிருந்தும், கேட்டன. யாரையும் கடவுச்சொல் இன்றி அனுமதித்தன. 2.0 முதல், அமைப்புக் கோப்பில் லிசனர் வரி (எந்தப் போர்ட்டில் கேட்பது என்று சொல்வது) இல்லையென்றால் சர்வருக்குள்ளிருந்து வரும் இணைப்பை மட்டுமே அது ஏற்கும். நல்ல மாற்றம்தான், ஆனால் பழைய வழிகாட்டிகளைப் படித்து நிறுவுவோர் இன்றும் இதில் தடுக்கி விழுகிறார்கள். சர்வரில் எந்தெந்தப் போர்ட்டுகள் திறந்திருக்கின்றன என்று பார்க்கும்போது 127.0.0.1:1883 என்று மட்டும் தெரிந்தால் காரணம் இதுவே (127.0.0.1 என்பது அந்தக் கணினியையே குறிக்கும் முகவரி, 1883 எம்.கியூ.டி.டி.யின் வழக்கமான போர்ட்).

நிரல்களைக் கண்டெய்னர் என்னும் தனித்தனி அறைகளில் ஓட்டும் டாக்கரில் இயக்குவோருக்கு இதன் மறுபக்கம் நேரும். கண்டெய்னருக்குள் இருக்கும் செயலிக்கு 127.0.0.1 என்பது அந்தக் கண்டெய்னரையே குறிக்கும், சர்வரை அன்று. புரோக்கர் வேறொரு கண்டெய்னரில் இருந்தால், இரண்டையும் ஒரே டாக்கர் வலையில் வைத்து, புரோக்கரின் பெயரைக் கொண்டே அழைக்க வேண்டும்.

கேள்வி: உலாவியும் சுவிட்சும் ஒரே வைஃபையில் இருக்கின்றன. சர்வரைச் சுற்றிப் போகாமல், என் வலைச்செயலியின் பக்கமே நேரடியாகச் சுவிட்சிடம் பேச முடியாதா?

பக்கம் எச்.டி.டி.பி.எஸ். வழியாக வந்திருக்கும்; சுவிட்சோ வெறும் எச்.டி.டி.பி.தான் பேசும். பாதுகாப்பான பக்கத்திலிருந்து பாதுகாப்பற்ற முகவரிக்குச் செல்லும் கோரிக்கையை உலாவிகள் கலப்பு உள்ளடக்கம் என்று கருதித் தடுக்கின்றன. இதைக் கடந்தாலும், வேறு தளத்தின் பக்கத்துக்கு அனுமதி தரும் கார்ஸ் தலைப்பைச் சுவிட்ச் அனுப்பாவிட்டால் பதிலை உங்கள் நிரலுக்குக் காட்ட மாட்டா. மேலும், 2025-இன் இறுதியில் வந்த குரோம் 142, பொது இணையதளம் ஒன்று வீட்டு வலையிலுள்ள கருவியைத் தொட முயன்றால் பயனரிடம் அனுமதி கேட்கிறது. ஒருமுறை மறுத்துவிட்டால் அதற்குப் பிறகு அமைதியாகத் தோல்வியடையும். ஐபோன்களில் இத்தகைய அனுமதி 2020-இல் ஐ.ஓ.எஸ். 14-உடன் வந்தது. நேற்றுவரை ஓடியது இன்று ஓடவில்லை என்று எழுதுவோர், உலாவியின் டெவலப்பர் கன்சோலைத் திறந்து சிவப்பு வரியை முதலில் படிக்க வேண்டும். இந்தக் கட்டுப்பாடுகள் நம்மைத் துன்புறுத்த வந்தவை அல்ல. நீங்கள் திறக்கும் ஏதோ ஓர் இணையதளம் உங்கள் வீட்டு ரவுட்டரின் அமைப்பை மாற்றிவிடக் கூடாது என்பதற்காக வந்தவை.

கேள்வி: கருவி இணைகிறது, சில நொடிகளில் அறுகிறது, மீண்டும் இணைகிறது. இதற்கு முடிவே இல்லை.

புரோக்கரின் பதிவைப் பாருங்கள். ஒரே கிளையன்ட் ஐ.டி.யை (புரோக்கரிடம் கருவி சொல்லும் பெயரை) கொண்டு இரண்டு இணைப்புகள் மாறி மாறி வந்தால், எம்.கியூ.டி.டி.யின் விதிப்படி புரோக்கர் புதியதை ஏற்று, பழையதை வெளியேற்ற வேண்டும். வெளியேற்றப்பட்டது உடனே திரும்ப வரும், மற்றொன்றை வெளியேற்றும். எங்கள் வீட்டுக் கிணற்று மோட்டாருக்கும் ஆழ்துளை மோட்டாருக்கும் ஒரே அமைப்புக் கோப்பை நகலெடுத்துப் போட்டதால் எனக்கு இது நேர்ந்தது. வைஃபை சிக்னலையும் ரவுட்டரையும் மாற்றி மாற்றி மூன்று இரவுகள் பார்த்த பிறகே பதிவைத் திறந்தேன். முதல் பத்து வரிகளிலேயே காரணம் இருந்தது. டாஸ்மோட்டா இயல்பாக ஒவ்வொரு கருவிக்கும் தனி ஐ.டி. தருகிறது, காப்புப் பிரதியிலிருந்து மீட்கும்போதும், நாமே எழுதிய நிரல்களிலும்தான் இந்தத் தவறு வரும். செயலியை இரண்டு பிரதிகளாக இயக்குவோர், ஒவ்வொரு பிரதிக்கும் வெவ்வேறு ஐ.டி. அமைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கேள்வி: பயன்படுத்திக்கொண்டிருக்கும்போது நன்றாக இருக்கிறது, சற்று நேரம் சும்மா விட்டால் கருவி செத்துவிடுகிறது.

முகவரி மாற்றிகள் ஒவ்வொரு இணைப்பையும் ஒரு பட்டியலில் நினைவில் வைத்திருக்கின்றன. சிறிது நேரம் போக்குவரத்து இல்லையென்றால் அந்த வரியை அழித்துவிடுகின்றன. இரு முனைகளும் இணைப்பு இருப்பதாகவே நம்பிக்கொண்டிருக்க, நடுவில் வழி மறைந்துவிடுகிறது. இதற்கு மருந்து கீப்-அலைவ், அதாவது குறித்த இடைவெளியில் அனுப்பும் உயிர்ப்புச் செய்தி. டாஸ்மோட்டாவில் இது இயல்பாக 30 நொடி. அந்த இடைவெளியின் ஒன்றரை மடங்கு, அதாவது 45 நொடி, கருவியிடமிருந்து ஒன்றும் வராவிட்டால் புரோக்கர் இணைப்பைத் துண்டித்து உயிலை வெளியிடும். இதை நீட்டிக்க வேண்டாம்.

உலாவிப் பக்கத்தில் இதே நோய் வெப்சாக்கெட்டுக்கு (பக்கத்துக்கும் செயலிக்கும் இடையே திறந்தே இருக்கும் இணைப்புக்கு) வரும். என்ஜின்எக்ஸ் இயல்பாக 60 நொடி அமைதியாக இருக்கும் இணைப்பை மூடிவிடும். செயலி 30 நொடிக்கு ஒருமுறை பிங் அனுப்பினால் போதும். வெப்சாக்கெட் தொடக்கத்திலேயே தோற்றால், அப்கிரேட், கனெக்‌ஷன் ஆகிய இரு தலைப்புகளையும் என்ஜின்எக்ஸ் செயலிக்குக் கடத்தும்படி அமைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். சொல்லாவிட்டால் அது கடத்தாது.

கேள்வி: மின்வெட்டு முடிந்து மின்சாரம் வந்ததும் மோட்டார் தானாக ஓடத் தொடங்கிவிட்டது. யாரும் பொத்தானை அழுத்தவில்லை.

இந்தப் பக்கத்தில் நான் மிகவும் கவலைப்படும் கேள்வி இது. தொட்டி வழிவதோடு போய்விடாது. நீர் வற்றிய கிணற்றில் மோட்டார் வெறுமனே ஓடினால் எரிந்துவிடும்.

இரண்டு காரணங்கள் இருக்கலாம். முதலாவது, செயலி 'ஆன்' கட்டளையை ரீட்டெய்ன் குறியுடன் அனுப்பியிருக்கிறது. அந்தக் குறியுடன் வரும் கடைசிச் செய்தியைப் புரோக்கர் சேமித்து வைத்து, அந்த டாபிக்கைக் கேட்க வரும் ஒவ்வொருவருக்கும் கொடுக்கும். மின்சாரம் திரும்பியதும் சுவிட்ச் புரோக்கருடன் இணைகிறது. நேற்று மாலை அனுப்பிய 'ஆன்' இன்று காலை அதன் கைக்கு வருகிறது. கருவியின் நிலையைத் தெரிவிக்கும் செய்திகளுக்கு இந்தக் குறி ஏற்றது. கட்டளைகளுக்கு ஒருபோதும் கூடாது. ஏற்கெனவே சேமிக்கப்பட்டதை நீக்க, அதே டாபிக்குக்கு ரீட்டெய்ன் குறியுடன் வெற்றுச் செய்தி ஒன்றை அனுப்ப வேண்டும்.

இரண்டாவது, டாஸ்மோட்டாவின் பவர்ஆன்ஸ்டேட் அமைப்பு. அதன் இயல்பான மதிப்பு 3. மின்சாரம் போகும் முன் இருந்த நிலைக்கே திரும்பு என்பது அதன் பொருள். விளக்குக்கு அது சரி. மோட்டாருக்கு 0 என்று வைக்க வேண்டும், அப்போது எப்போதும் அணைந்த நிலையில்தான் எழும்.

இவற்றோடு பல்ஸ்டைம் அமைப்பையும் பயன்படுத்துங்கள். அதில் 1900 என்று கொடுத்தால், 100-ஐக் கழித்து 1800 நொடியில், அதாவது அரை மணி நேரத்தில், சுவிட்ச் தானே அணைந்துவிடும். செயலி 'ஆஃப்' அனுப்பும் என்று நம்பி மோட்டாரை விடக் கூடாது. அந்தக் கட்டளை வரவேண்டிய நேரத்தில்தான் இணைப்பு இல்லாமல் போகும். நிறுத்தும் முடிவு மோட்டாருக்கு அருகிலேயே எடுக்கப்பட வேண்டும்.

கேள்வி: டி.எல்.எஸ். மறையாக்கம் போட்டவுடன் எந்தச் சுவிட்சும் இணையவில்லை.

இ.எஸ்.பி.8266-க்கான வழக்கமான டாஸ்மோட்டா தொகுப்பில் டி.எல்.எஸ். வசதி இல்லை, அதைச் சேர்த்துத் தொகுக்க வேண்டும், அல்லது இ.எஸ்.பி.32 கருவிக்கு மாற வேண்டும். வசதி இருந்தும் இணையவில்லையென்றால் கருவியின் கடிகாரத்தைப் பாருங்கள். மின்சாரம் போனால் நேரத்தை நினைவில் வைத்திருக்க அதில் பேட்டரி இல்லை, யு.டி.பி. 123-ஆம் போர்ட் வழியாக நேரத்தைப் பெறும்வரை, சான்றிதழின் தேதிகளைச் சரிபார்க்கும் கருவிக்கு எல்லாச் சான்றிதழும் செல்லாததாகவே தெரியும்.

சர்வர் பக்கத்தில், இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் அதை இயல்பாக 90 நாள்களுக்கு வழங்குகிறது. தானாகப் புதுப்பிக்கப்பட்டாலும், மொஸ்கிட்டோவுக்குச் சொல்லாவிட்டால் அது பழையதையே காட்டிக்கொண்டிருக்கும். 2.0 முதல் மொஸ்கிட்டோ ரூட் (முழு நிர்வாகி) அதிகாரத்தை விட்டுவிட்டுத்தான் சான்றிதழைப் படிக்கிறது என்பதால், அந்தக் கோப்புகளை அதன் பயனர் படிக்கக்கூடிய இடத்தில் நகலெடுத்து வைக்கவும் வேண்டும். மிகப் பழைய கருவிகளுக்கு வேறொரு தடை உண்டு: லெட்ஸ் என்க்ரிப்ட் சார்ந்திருந்த பழைய மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது; புதிய மூலச் சான்றிதழை அறியாத கருவிகள் அன்றிலிருந்து மறுக்கின்றன.

கேள்வி: புதிய ரவுட்டர் வாங்கியபின் சுவிட்சுகள் வைஃபையிலேயே சேரவில்லை.

இ.எஸ்.பி.8266-க்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும். புதிய ரவுட்டரில் அந்த அலைவரிசை இயங்குகிறதா, டபிள்யூ.பி.ஏ.3 (புதிய வைஃபைப் பாதுகாப்பு முறை) மட்டும் என்று அமைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: வீட்டில் வைத்திருக்கும் சர்வருக்கு ஒரு டொமைன் பெயர் கொடுத்தேன். வெளியிலிருந்து திறக்கிறது, வீட்டு வைஃபையிலிருந்து திறக்கவில்லை.

அந்தப் பெயர் உங்கள் வீட்டின் பொது முகவரியைச் சுட்டுகிறது. உள்ளிருந்து புறப்பட்டு, அந்தப் பொது முகவரியைத் தொட்டு, மீண்டும் உள்ளே திரும்பும் வழியைச் சில ரவுட்டர்கள் அனுமதிப்பதில்லை. வீட்டு டி.என்.எஸ்.-இல் (பெயரை முகவரியாக்கும் சேவையில்) அந்தப் பெயருக்கு உள்முகவரியைக் கொடுத்தால் தீர்ந்துவிடும். கைபேசியின் மொபைல் டேட்டாவிலும் வைஃபையிலும் மாற்றி மாற்றித் திறந்து பார்ப்பதே இதற்கான சோதனை.

கேள்வி: சோதனைக்காக மட்டும் 1883-ஐக் கடவுச்சொல் இல்லாமல் திறந்து வைக்கலாமா?

வேண்டாம். 2016-இல் மிராய் என்ற தீநிரல், ஆலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் தேடிப் பிடித்தது. அதனிடம் இருந்தது அறுபதுக்கும் மேற்பட்ட பெயர், கடவுச்சொல் இணைகளைக் கொண்ட ஒரு பட்டியல்தான். அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அத்தகைய கருவிகள் டின் என்ற டி.என்.எஸ். நிறுவனத்தைத் தாக்கியபோது ட்விட்டர் உள்ளிட்ட பல தளங்கள் முடங்கின. பொது முகவரியில் திறந்த போர்ட்டைத் தானியங்கி நிரல்கள் விரைவிலேயே கண்டுபிடித்துவிடும். சோதனைக்கு ஒரு கடவுச்சொல் உருவாக்க ஒரே ஒரு கட்டளை போதும்.

கேள்வி: இணையமே இல்லாத நேரத்தில் என்ன செய்வது?

சுவிட்சிலுள்ள பொத்தான் புரோக்கரைக் கேட்காமலே இயங்கும். டாஸ்மோட்டாவில் எழுதிய விதிகளும் கருவிக்குள்ளேயே ஓடும். தொட்டி நிரம்பியதைக் காட்டும் மிதவைச் சுவிட்சை அதே கருவியின் உள்ளீட்டில் இணைத்து, அணைக்கும் விதியை அங்கேயே எழுதிவிட்டால், சர்வர் நாள் முழுதும் இல்லாவிட்டாலும் தொட்டி வழியாது. செயலி திரும்ப இணையும்போது பழைய கட்டளைகளை வரிசையாக அனுப்பாமல், முதலில் கருவியின் தற்போதைய நிலையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி எழுதுங்கள்.